முகத்தை வைத்து ஆளைத் தேடுவது: எந்தத் தளம் எதற்கு உதவும்?

கேள்வி இதுதான்: தங்கைக்கு மேட்ரிமோனி தளம் வழியாக ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை லண்டனில் டாக்டர் என்கிறார்கள். கையில் இருப்பவை சில படங்களும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் மட்டும். பேசுபவரும் படத்தில் இருப்பவரும் ஒருவர்தானா என்று பார்க்க, முகத்தை வைத்துத் தேடும் தளங்களில் எது நல்லது? பிம்ஐஸ் போன்ற தளங்களுக்குப் பணம் கட்டலாமா?

முதலில் சுருக்கமான பதில். படத்தைக் கொடுத்துத் தேடும் தளங்களான கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் மூன்றிலும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். மூன்றும் இலவசம். படம் திருடப்பட்டதாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பிம்ஐஸ், ஃபேஸ்செக் ஐடி இரண்டுக்கும் இப்போதே பணம் கட்ட வேண்டாம். அவை சொல்வதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வரவே வேண்டாம். இனி காரணங்கள்.

இந்தத் தளங்களையெல்லாம் ஒரே வரிசையில் வைத்து எது சிறந்தது என்று கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. இவை செய்யும் வேலை இரண்டு விதம். இதே படம் இணையத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று தேடுவது ஒன்று. இதே முகம் வேறு எந்தெந்தப் படங்களில் இருக்கிறது என்று தேடுவது இன்னொன்று. முதல் வேலையில் படத்தின் நிறம், கோடு, அமைப்பு எல்லாம் சேர்ந்து ஒரு அடையாளமாகிறது. அதில் இருப்பது மனிதரா மாமரமா என்பது தளத்துக்குப் பொருட்டில்லை. இரண்டாவதில் முகத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதை எண்களின் வரிசையாக மாற்றுகிறார்கள். கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் என்ற முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். இரண்டு முகங்களின் எண்கள் நெருங்கி வந்தால் ஒரே ஆளாக இருக்கலாம் என்று கணினி கணிக்கிறது. அதனால் வேறு சட்டை, வேறு ஊர், வேறு வருடம் என்று எல்லாம் மாறியிருந்தாலும் ஒருவரைத் தேடிப் பிடிக்க முடிகிறது.

உங்களுக்கு வேண்டியது முதல் வேலை. கல்யாண மோசடி செய்பவர் தன் சொந்தப் படத்தைக் கொடுப்பது அபூர்வம். யாரோ ஒரு மாடலின் இன்ஸ்டாகிராம், ஏதோ ஒரு மருத்துவமனையின் இணையதளம், ராணுவ அதிகாரி ஒருவரின் ஃபேஸ்புக் பக்கம் என்று எங்கிருந்தோ எடுத்திருப்பார். அந்த மூலப் படம் இன்னும் அங்கேயே கிடக்கும். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான். முகத்துக்குச் சொந்தக்காரரின் பிறப்பு வளர்ப்பை ஆராயத் தேவையில்லை.

அந்த வேலையில் மிகவும் நேர்மையான கருவி டின்ஐ. கனடாவின் டொராண்டோவில் 2008இல் தொடங்கிய தளம். 6,000 கோடிக்கும் மேற்பட்ட படங்களின் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. முகத்தை அடையாளம் காணும் வேலையை அது செய்வதே இல்லை. அதே படத்தின் நகல்களை, வெட்டியது, சுருக்கியது, நிறம் மாற்றியது உட்பட, காட்டும். முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தும் வசதிதான் இதன் பெரிய பலம். இந்த மாதம் எடுத்த படம் என்று ஒருவர் அனுப்பியது ஆறு வருடம் முன்பே ஒரு தளத்தில் இருந்தால் கேள்வி அங்கேயே முடிந்தது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: அது காட்டும் தேதி, டின்ஐ அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த தேதி. படம் அதற்கு முன்பே வெளியாகியிருக்கலாம். பலவீனமும் உண்டு. சமூக வலைதளங்களில் பூட்டிக் கிடக்கும் படங்கள் இதன் கண்ணில் படாது. தமிழ், இந்தியத் தளங்களிலிருந்து எடுத்த படங்களுக்குப் பல நேரம் வெறுங்கையோடுதான் திரும்பும்.

கூகுள் லென்ஸின் பரப்பு மிகப் பெரியது. ஆனால் முகத்தைப் பொறுத்தவரை அது வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. முகத்தை வைத்து ஆளைச் சொல்லும் தொழில்நுட்பத்தைக் கட்டி முடித்த பிறகும், தவறாகப் பயன்படும் என்பதால் வெளியிடாமல் நிறுத்திவைத்ததாக 2011இலேயே அப்போதைய செயல் தலைவர் எரிக் ஷ்மிட் சொன்னார். அதே வருடம்தான் படத்தைக் கொடுத்துத் தேடும் வசதியை கூகுள் கொண்டுவந்தது. இன்றும் ஒரு சாதாரண மனிதரின் படத்தைப் போட்டால், அவர் போட்டிருக்கும் சட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்றுதான் முதலில் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று மூடிவிடாதீர்கள். அச்சு அசலாகப் பொருந்தும் முடிவுகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள். சில படங்களுக்கு 'இந்தப் படத்தைப் பற்றி' என்ற பகுதியும் வரும். கூகுள் அந்தப் படத்தை ஏறக்குறைய எப்போது முதலில் கண்டது என்று அதில் தெரியும்.

யாண்டெக்ஸ் ரஷ்ய நிறுவனத்தின் தேடுபொறி. படத் தேடலில் இது முகச்சாயலுக்கும் மதிப்புக் கொடுக்கும். திறந்த தகவல்களை வைத்துத் துப்பறியும் பெல்லிங்கேட் குழு 2019 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி கூகுள், பிங், யாண்டெக்ஸ் மூன்றையும் ஒப்பிட்டு, முகங்களையும் இடங்களையும் கண்டுபிடிப்பதில் யாண்டெக்ஸுக்கே முதலிடம் கொடுத்தது. ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா சார்ந்த படம் என்றால் இன்றும் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். நம் ஊர் முகங்களுக்கு அது காட்டும் முடிவுகளில் பாதிக்கு மேல் சினிமா நடிகர்களும் சீரியல் நடிகர்களும் வந்து நிற்பார்கள். இருந்தாலும் வெளிநாட்டு மாப்பிள்ளை என்று சொல்லி வரும் படங்களில் இது கைகொடுக்கும். பதிவேற்றும் படம் ரஷ்ய நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு, தங்கையின் படத்தையோ குடும்பப் படத்தையோ அங்கே போடாதீர்கள்.

பிங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மற்ற மூன்றும் கைவிட்டபோது ஒருமுறை பார்க்கலாம்.

தளத்தைவிட, தேடும் விதத்தில்தான் அதிக வித்தியாசம் வருகிறது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்படியே போடுகிறவர்கள் பலர். மேலே இருக்கும் பேட்டரி குறியும் கீழே இருக்கும் பட்டையும் படத்தின் ஒரு பகுதியாகிவிடும். படத்தைச் சேமித்து, ஓரங்களை வெட்டிவிட்டுப் போடுங்கள். அப்புறம் இடம் வலமாகத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை தேடுங்கள். தேடலில் மாட்டாமல் இருக்கப் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிவிடுவது மோசடிக்காரர்களின் பழைய வழக்கம். முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் வெட்டித் தேடுவதும் நல்ல பலன் தரும். லென்ஸில் தேர்வுக் கட்டத்தின் மூலைகளை இழுத்து, பின்னால் தெரியும் கட்டடம், கடைப் பலகை, சட்டையில் இருக்கும் மருத்துவமனைச் சின்னம் இவற்றின் மேல் மட்டும் வையுங்கள். லண்டன் வீட்டு வாசல் என்று சொன்ன இடத்தில் காரின் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் அதையும் விசாரிக்க வேண்டியதுதான். அந்த ஊரில் நம்மைப் போலவே வலப்பக்க ஸ்டியரிங்.

எல்லாப் படங்களையும் தேட வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஆளின் பல படங்களைத் திருடி வைத்திருப்பவர்கூட, அவற்றில் ஏதோ ஒன்றைப் பிரபலமான பக்கத்திலிருந்து எடுத்திருப்பார். அந்த ஒன்று அகப்பட்டால் போதும். கிடைத்த பக்கத்தைத் திறந்து, அங்கே என்ன பெயர், எந்த ஊர், எந்தத் தேதி என்று பாருங்கள். பெயர் வேறாக இருந்தால் உங்கள் வேலை முடிந்தது.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால்? அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூட்டிய இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து எடுத்த படத்தை எந்தத் தேடுபொறியும் காட்டாது. அதைவிட முக்கியமானது, இல்லாத மனிதரின் படம். என்விடியா ஆய்வாளர்கள் 2018 டிசம்பரில் ஸ்டைல்கேன் என்ற முறையை வெளியிட்ட பிறகு, பக்கத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் உலகத்தில் இல்லாத ஒரு முகத்தைக் காட்டும் தளமே வந்துவிட்டது. இப்போது அதே கற்பனை ஆளைக் கடற்கரையிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் நிற்க வைத்துப் படம் உருவாக்க முடிகிறது. இப்படிப்பட்ட படத்துக்குப் பழைய நகல் என்று ஒன்று இருக்கவே இருக்காது. ஒரு டாக்டர், பல வருடம் படித்து வேலை பார்த்தவர், அவருடைய முகமோ பெயரோ இணையத்தில் ஓரிடத்தில்கூட இல்லை என்பது அதனாலேயே யோசிக்க வைக்க வேண்டும்.

சரி, இப்போது பணம் கேட்கும் தளங்கள்.

பிம்ஐஸ் 2017இல் போலந்தில் தொடங்கியது. பிறகு ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த ஒரு கல்வியாளர் கைக்கு மாறியது. திறந்த இணையத்தில் இருக்கும் முகங்களைத் தேடும், சமூக வலைதளங்களைத் தேடுவதில்லை என்பது அவர்கள் சொல்வது. இலவசமாகத் தேடினால் முகங்கள் தெரியும். அவை எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று பார்க்கத்தான் மாதக் கட்டணம். திறமையில் குறை சொல்ல முடியாது. 2022 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் தன் பத்திரிகையாளர்கள் ஒரு டஜன் பேரின் ஒப்புதலோடு சோதித்தபோது, எல்லோருடைய படங்களும் வந்தன. கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம் போட்டிருந்த படங்களும், அவர்களே அதுவரை பார்த்திராத படங்களும் அவற்றில் இருந்தன. உங்கள் சொந்த முகத்தை மட்டும் தேடுங்கள் என்று தளம் விதி வைத்திருக்கிறது. ஆனால் தேடுபவர் யார், தேடப்படும் முகம் யாருடையது என்று சரிபார்க்க எந்தப் பூட்டும் இல்லை. விதி என்று எழுதி வைத்துவிட்டு வாசலைத் திறந்து வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024இல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர், கேமரா பொருத்திய மூக்குக்கண்ணாடியையும் பிம்ஐஸையும் இணைத்து, தெருவில் போகிறவரின் பெயரையும் முகவரியையும் உடனுக்குடன் எடுக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். எச்சரிப்பதற்காகச் செய்ததால் அந்த நிரலை வெளியிடவில்லை.

ஃபேஸ்செக் ஐடி சமூக வலைதள ப்ரொஃபைல் படங்கள், செய்திகள், மோசடிக்காரர்களைப் பட்டியலிடும் பக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தேடுகிறது. ஒவ்வொரு முடிவுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். 90க்கு மேல் உறுதி, 50 முதல் 69 வரை பலவீனம் என்பது அவர்களே சொல்லும் அளவுகோல். ரஷ்யாவின் விகே என்ற சமூக வலைதளத்துப் படங்களைத் தேடுவதற்கென்று சர்ச்ஃபோர்ஃபேசஸ் இருக்கிறது. உங்கள் விஷயத்துக்கு அது உதவாது. கிளியர்வியூ ஏஐ பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது காவல்துறை போன்ற அரசு அமைப்புகளுக்கு மட்டும். இணையத்திலிருந்து மக்களின் படங்களைக் கேட்காமல் அள்ளியதற்காக இத்தாலி, கிரீஸ், பிரான்ஸ் மூன்றும் 2022இல் ஆளுக்கு 2 கோடி யூரோ அபராதம் விதித்தன. நெதர்லாந்து 2024இல் 3.05 கோடி யூரோ. கிளியர்வியூ வசதி எங்களிடம் இருக்கிறது என்று சொல்லி உங்களிடம் பணம் கேட்கும் டெலிகிராம் ஆசாமிகளை நம்ப வேண்டாம்.

மதிப்பெண்ணை ஏன் நம்பக் கூடாது? உலகத்தில் ஒரே சாயலில் ஏழு பேர் இருப்பார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். இந்தத் தளங்களில் அது ஏழோடு நிற்காது. பத்து லட்சம் ஒப்பீட்டுக்கு ஒன்றுதான் தவறும் என்று ஒரு நல்ல கருவியை வைத்துக்கொள்வோம். அதை 100 கோடி முகங்களோடு ஒப்பிட்டால், தவறான பொருத்தங்கள் மட்டும் ஆயிரம். பட்டியல் பெரிதாகப் பெரிதாக, அசப்பில் அவரைப் போலவே இருக்கும் வேறொருவர் அதில் இருப்பதற்கான வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும். எல்லா முகங்களுக்கும் தவறு சமமாகவும் வருவதில்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பல கருவிகள் ஆப்பிரிக்க, கிழக்கு ஆசிய முகங்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொண்ட அளவு, கிழக்கு ஐரோப்பிய முகங்களில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்களோ அவற்றில்தான் கருவி நன்றாக வேலை செய்கிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸார் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை 2020 ஜனவரியில் அவருடைய மனைவி, மகள்கள் கண் முன்னால் கைது செய்தார்கள். கடையில் கைக்கடிகாரங்கள் திருடியதாகக் குற்றச்சாட்டு. மங்கலான கேமரா படத்தை வைத்து முகம் அறியும் கருவி அவரைக் காட்டியிருந்தது, திருடியவர் வேறொருவர். ஏறக்குறைய 30 மணி நேரம் அடைத்து வைத்திருந்தார்கள். 2024இல் நகர நிர்வாகம் 3 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்து, இனி கருவியின் முடிவை மட்டும் வைத்துக் கைது செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் டெல்லி காவல்துறை 80 சதவீதத்துக்கு மேல் பொருந்தினால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் சொல்லியிருக்கிறது. பயிற்சி பெற்ற போலீஸாருக்கே இந்த நிலை என்றால், வரன் பார்க்கும் பதற்றத்தில் இருக்கும் ஒரு குடும்பம் 85 மதிப்பெண்ணைப் பார்த்து என்ன முடிவெடுக்கும்? ஏற்கெனவே கல்யாணமானவர், கேஸ் இருக்கிறது என்று அவர் சாயலில் உள்ள யாரோ ஒருவரின் பக்கத்தைக் காட்டி ஒரு நல்ல சம்பந்தத்தையே உடைத்துவிட முடியும். ஆகவே, இந்தத் தளங்கள் காட்டும் முகத்தை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, பெயர், ஊர், காது மடல், மச்சம், தழும்பு என்று வேறு இரண்டு மூன்று விஷயங்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அவற்றைச் சொல்வேன்.

உங்கள் கேள்விக்குப் படத்தைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் மருத்துவம் பார்க்க வேண்டுமானால் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மாப்பிள்ளையிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, சம்பளச் சான்று கேட்பதைவிட இது மரியாதையானது. எண்ணும் பெயரும் பொருந்தினால், அடுத்து அவர் வேலை செய்யும் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை நீங்களே அதன் இணையதளத்திலிருந்து எடுத்து அழையுங்கள். அவர் கொடுத்த எண்ணை அல்ல. பதிவேட்டில் உள்ள ஒரு நிஜ டாக்டரின் பெயரை வேறொருவர் சொல்லிக்கொள்ளலாம் என்பதால் இந்த இரண்டாவது படி அவசியம். இந்தியாவில் படித்தவர் என்றால் எந்தக் கல்லூரி, எந்த வருடம் என்று கேட்டு, அந்த வருடம் அங்கே படித்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். நம் சனங்கள் காலங்காலமாகச் செய்துவந்த விசாரிப்புதான் இது, இன்றும் எந்தத் தளமும் அதற்கு ஈடில்லை. வீடியோ காலில் பேசச் சொல்லுங்கள். முகத்தை முழுசாகப் பக்கவாட்டில் திருப்பி, கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகச் சொன்னால் மலிவான போலி வீடியோக்கள் தடுமாறும். ஆனால் போலிகளும் மேம்பட்டுக்கொண்டே வருவதால், உறவினர் அல்லது தெரிந்தவர் ஒருவர் லண்டனில் நேரில் பார்ப்பதுதான் முடிவான சோதனை.

பரிசுப் பெட்டி அனுப்பினேன், டெல்லி கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, கொஞ்சம் பணம் கட்டினால் வெளியே வரும் என்று பேச்சு வந்தால் மேற்கொண்டு எந்தத் தேடலும் வேண்டாம். அது மோசடிதான்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் பார்த்த பெண், கல்யாண வீட்டில் தற்செயலாகப் படத்தில் விழுந்த பெண், இவர்களின் பெயரைக் கண்டுபிடிக்க எந்தத் தளம் நல்லது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். விருப்பமில்லாத பெண்ணைத் தொடர்வதும் இணையத்தில் அவள் செய்வதைக் கண்காணிப்பதும் இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம்.

தங்கையின் முகத்தை இந்தத் தளங்களில் தேடிப் பார்ப்பது வேறு விஷயம். மேட்ரிமோனி தளத்தில் படம் போட்ட பெண்கள், அது வேறு எங்காவது போலிக் கணக்கில் ஓடுகிறதா என்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அவள் சம்மதத்தோடு, முதலில் லென்ஸிலும் டின்ஐயிலும் தேடுங்கள். பிம்ஐஸில் தன் முகம் வராமல் நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கவும் முடியும். ஆனால் அதற்கு அடையாள அட்டையின் நகலை அவர்களுக்கே அனுப்ப வேண்டும். அனுப்புவதாக இருந்தால் பெயர், எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, முகம் மட்டும் தெரியும்படி அனுப்பச் சொல்லுங்கள். மார்ஃபிங் செய்த படமோ அந்தரங்கப் படமோ கிடைத்தால், 2021ஆம் ஆண்டின் ஐ.டி. விதிகளைச் சுட்டிக்காட்டி அந்தச் சமூக வலைதளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் செய்யுங்கள். சம்பந்தப்பட்டவரே புகார் செய்தால் மிகக் குறுகிய கெடுவுக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. 18 வயது நிறைந்தவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவையும் இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. அதன் எண் அடையாளம் மட்டும் உங்கள் போனிலேயே உருவாகிப் போகும், அதை வைத்து இதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தப் படத்தைத் தடுக்கும். 18 வயதுக்குக் கீழ் என்றால் அதே மாதிரியான சேவை டேக் இட் டவுன்.

இந்த வரன் போலி என்று உறுதியானால், உடனே அவரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். கணக்கை அழித்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு முன்பே ப்ரொஃபைல் பக்கம், அதன் முகவரி, வாட்ஸ்அப் எண், உரையாடல், நீங்கள் கண்டுபிடித்த மூலப் படத்தின் பக்கம் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி சேமித்து வையுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். பணம் போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யலாம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. மேட்ரிமோனி தளத்துக்கும் புகார் அனுப்புங்கள். முடிந்தால் படத்தின் உண்மையான சொந்தக்காரருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். தன் முகத்தை வைத்து யாரோ பெண் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது.